விமானம் கேட்காத கேள்வி

வருடத்துக்கு இரண்டு தடவை, என்.டி.ஏ. தேர்வு நெருங்கும்போது, நம் ஊர்த் தெருமுனைகளில் ஒரு ஃப்ளெக்ஸ் முளைக்கும். ஹெல்மெட் மாட்டிய ஒரு பையன், பின்னால் சீறிக்கொண்டு ஏறும் ஒரு போர் விமானம், கீழே கோச்சிங் சென்டரின் போன் நம்பர். அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, நான் ஏர்ஃபோர்ஸ் பைலட் ஆகணும்" என்று சொல்லும் பேரன் பேத்திகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்களுக்காகவும், அதைவிட அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளையிடம் விமானம் சில கேள்விகளைக் கேட்கும். கடுமையான கேள்விகள், ஆனால் நியாயமானவை. அவற்றோடு விமானம் கேட்காத சிலவற்றையும் நாம் சேர்த்துக் கேட்கிறோம். முதல் வகையைக் கடைசியில் சொல்லி, இரண்டாவது வகையை வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறோம்.

முதலில் நியாயமான கேள்விகள். விமானிக்குக் குறைந்தது 162.5 செ.மீ. உயரம் வேண்டும். அதோடு முடியவில்லை. உட்கார்ந்த நிலையில் உயரம் 81.5 முதல் 96 செ.மீ. வரை, கால் நீளம் 99 முதல் 120 வரை, தொடை நீளம் 64க்குள். தொடையை எதற்கு அளக்கிறார்கள் என்று சிரிக்கவேண்டாம். போர் விமானத்தில் ஆபத்து வந்தால் இருக்கையோடு சேர்த்து ஆளை மேலே எறிந்துவிடுவார்கள். தொடை நீண்டவனுக்கு அந்த நேரத்தில் முழங்கால் முன்பலகையில் மோதும். உயிர் பிழைத்தாலும் கால் பிழைக்காது.

பிறகு கண். கிட்டப்பார்வை இருந்தால் என்.டி.ஏ. வழியாக விமானியாக முடியாது. நிறம் பிரித்தறியும் சக்தியில் குறை இருந்தாலும் கிடையாது.

இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. 1969இல் எனக்குப் பதினேழு வயது. பிரெஞ்சு மீடியத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் இந்தியக் குடியுரிமையில் தங்கிவிட்டவர்கள் நாங்கள். மாமா மட்டும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து, இந்தோசீனா போய்வந்து, பான்சியோன் வாங்கிக்கொண்டிருந்தார். அவரிடம்தான் என் ஆசையைச் சொன்னேன். "நடந்து நடந்து எங்க காலே தேஞ்சு போச்சுடா தம்பி, நீயாவது பறந்து போ" என்றார். ஒரு வருடம் விடியற்காலையில் கடற்கரையில் ஓட்டம், தண்டால், கடலில் நீச்சல். மாலையில் இங்கிலீஷ் பேப்பரைச் சத்தமாகப் படிப்பது. விண்ணப்பம் போடுமுன் கண்ணைக் காட்டிவிடலாம் என்று போனேன். டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். "என்ன நம்பர் தெரியுது?" என்றார். எனக்குப் புள்ளிதான் தெரிந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவரும் நம் பள்ளியில் படித்தவர்தான். "நீ டால்டோனியன் தம்பி" என்றார். பிரெஞ்சில் நிறக்குருடுக்கு அதுதான் பெயர். அணுக்கொள்கை சொன்ன டால்ட்டனுக்கு அந்தக் குறை இருந்ததால் வந்த பெயர். அதற்கு முந்தின மாதம்தான் வேதியியலில் அவரைப் படித்திருந்தேன்.

பிறகு குமாஸ்தா ஆனேன். ஃபைலில் செருகும் சீட்டு சிவப்பா பச்சையா என்று கடைசிவரை பியூனிடம் கேட்டுத்தான் வைப்பேன். அது கிடக்கட்டும். ஓடுபாதையில் சிவப்பு விளக்குக்கும் பச்சை விளக்குக்கும் வித்தியாசம் தெரியாதவனை விமானத்தில் ஏற்றக்கூடாது என்பதில் எனக்கு அன்றும் மாற்றுக் கருத்தில்லை, இன்றும் இல்லை. ஆனால் இந்தச் சோதனையை முதல் நாளே செய்யலாம். நல்ல கண் டாக்டர் ஒருவரும், தையற்காரரின் டேப் ஒன்றும் போதும். நகையை அடகு வைத்து கோச்சிங் ஃபீஸ் கட்டி இரண்டு வருடம் கழித்து, மருத்துவப் பரிசோதனையில் "தகுதியில்லை" என்ற சீட்டோடு திரும்பிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஃபீஸ் வாங்கிய இடத்தில் ஒருவரும் முன்கூட்டியே அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ளவேண்டும். எழுத்துத் தேர்வில் தேறினால் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு. விமானப்படை கேட்டவர்களுக்கு அங்கே விமானித் திறன் சோதனை ஒன்று தனியாக உண்டு. மீட்டர்களைப் படித்து விமானம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வது, கையும் காலும் சேர்த்து இயக்கித் திரையில் ஓடும் புள்ளியை அடக்குவது போன்றவை. இதை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம். தவறினால் விமானப்படையில் தரைப்பணிக்குப் போகலாம், தரைப்படைக்குப் போகலாம், விமானி மட்டும் ஆகமுடியாது. கொடுமை என்று தோன்றும். ஆனால் வானத்திலும் இரண்டாவது தடவை கிடையாது அல்லவா? அதனால் இதையும் நான் ஒத்துக்கொள்கிறேன். பிள்ளையைத் தூங்கவைத்து அனுப்புங்கள், அவ்வளவுதான்.

இனி விமானம் கேட்காத கேள்வி.

நான் படித்த காலத்தில் எங்களுக்கு செந்த்-எக்சுபெரி என்றால் உயிர். குட்டி இளவரசனை எழுதியவர். பன்னிரண்டு வயதில் முதல் தடவை விமானத்தில் ஏறினார். பள்ளி முடித்துக் கடற்படைப் பள்ளி நுழைவுத் தேர்வுக்குப் படித்தார், தேறவில்லை. 1921இல் கட்டாய ராணுவ சேவைக்கு ஸ்ட்ராஸ்பூர்க் விமானப் படைப்பிரிவுக்குப் போனபோது தரைவேலைதான் கொடுத்தார்கள். அம்மாவிடம் பணம் கேட்டு, தனியாகக் காசு கட்டிப் பறக்கக் கற்று, பிறகு ராணுவ விமானியானார். 1944 ஜூலை 31 அன்று கோர்சிகாவிலிருந்து வேவு பார்க்கப் பறந்து திரும்பாமல் போனபோது வயது 44. பரீட்சைத் தாள் வேண்டாம் என்று தள்ளியவரை விமானம் ஏற்றுக்கொண்டது. தாளில் சல்லடையின் கண் எந்த இடத்தில் தப்பாக இருக்கிறது என்று அவ்வப்போது பார்க்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் சல்லடையிலும் அப்படி ஒரு தப்பு வெகுகாலம் இருந்தது. பெண்பிள்ளைகளுக்கு என்.டி.ஏ. கதவே திறக்கவில்லை. 2016லேயே மூன்று பெண்கள் விமானப்படையில் போர் விமானிகளாகிவிட்டார்கள், வேறு வழியாக வந்து. ஆனாலும் 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பெண்கள் இந்தத் தேர்வை எழுத முடிந்தது. 2025 மே மாதம் முதல் அணியாக 17 பெண்கள் கடக்வாஸ்லாவில் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். ஓட்டுவது ஆணா பெண்ணா என்று விமானம் ஒருநாளும் கேட்டதில்லை.

இன்னும் திருத்தாத தப்பு மொழி. தேர்வுக்கு மொத்தம் 900 மதிப்பெண். கணக்கு 300, பொதுத்திறன் 600. அந்த 600இல் ஆங்கிலம் 200. மீதி 400 அறிவியல், வரலாறு, பூகோளம், நாட்டு நடப்பு. கணக்கும் இந்த 400ம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சாகும். அதாவது இந்தி மீடியம் பையன் 900இல் 700 மதிப்பெண்ணுக்கான கேள்விகளைத் தன் மொழியில் படிக்கலாம். தமிழ் மீடியம் பையனுக்கு அந்த வசதி இல்லை.

என் தங்கையின் பேரன் விழுப்புரம் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ படிக்கிறான். கண், தொடை, கால் எல்லாம் சரி. திண்ணையில் உட்காரவைத்து நானே அளந்தேன். பழைய கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்தேன். வகைக்கெழு தெரியும், டெரிவேட்டிவ் தெரியவில்லை. அணிக்கோவை தெரியும், டிடெர்மினன்ட் தெரியவில்லை. வாயால் தமிழில் சொன்னால் நான் பேனாவைத் திறப்பதற்குள் விடை சொல்கிறான். "தாத்தா, கணக்கு தெரியுது, கேள்விதான் தெரியல" என்றான்.

எனக்கு இது புரியும். எங்கள் படிப்பில் தசமப் புள்ளி கிடையாது, கமாதான். இரண்டரையை 2,5 என்றுதான் எழுதுவோம். ஆபீசில் சேர்ந்த புதிதில் கமாவையும் புள்ளியையும் பார்த்து ஒரு நிமிடம் நின்று மாற்றிக்கொள்வேன். எழுபது தாண்டிய பிறகும் எனக்கு மனக்கணக்கு பிரெஞ்சில்தான் ஓடுகிறது. தொண்ணூற்றேழு என்றால் உள்ளே 'நாலு இருபது பதினேழு' என்றுதான் கேட்கிறது. படித்த மொழியில்தான் கணக்கு குடியிருக்கும்.

"மேலே ரேடியோவில் பேசுவது இங்கிலீஷ்தானே" என்பார்கள். சரிதான். பிரான்சில் பறக்கிறவனும் இங்கிலீஷ் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதனால்தான் அந்த 200 மதிப்பெண் ஆங்கிலத் தாள் அப்படியே இருக்கட்டும் என்கிறேன். கணக்கை இந்தியில் படித்து எழுதித் தேறிய பையன் கடக்வாஸ்லாவில் மூன்று வருடம் இருக்கும்போது ஆங்கிலத்தில் தேறிவிடுகிறான் இல்லையா? நம் பையனுக்கு மட்டும் அது வராதா?

பிரான்சில் பதின்மூன்று வயதிலிருந்து எழுதக்கூடிய 'பி.ஐ.ஆ.' என்ற விமானவியல் சான்றிதழ் உண்டு. வானிலை, பறத்தலின் தத்துவம், விமானத்தின் பாகங்கள், வழியறிதல், விமான வரலாறு எல்லாம் அதில் வரும். பிள்ளைகள் பறப்பதைப் பற்றிப் படிக்கிறார்கள். நம் பிள்ளைகள் கேள்வித்தாளைப் பற்றிப் படிக்கிறார்கள். அதையும் மாற்றச் சொல்லலாம்தான், ஆனால் ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் வைக்கவேண்டும். இரண்டு வைத்தால் இரண்டும் தங்கிவிடும். இது முப்பது வருடத்துக்கு மேல் மனுக்களைப் படித்தவன் சொல்வது.

குமாஸ்தா மூளைக்கு இன்னொன்றும் தெரியும். முன்மாதிரி இருந்தால் எந்த ஃபைலும் நகரும். நீட் தமிழில் நடக்கிறது. மத்திய ஆயுதப்படைக் காவலர் தேர்வை 2024இலிருந்து தமிழிலும் எழுதலாம். துப்பாக்கி பிடிக்கப் போகிறவனுக்குத் தமிழில் கேள்வி கொடுக்கலாம் என்றால், விமானம் பிடிக்கப் போகிறவனுக்கு ஏன் கூடாது?

மனுவைத் தட்டச்சு செய்துவிட்டேன். பெறுநர், மத்தியப் பணியாளர் தேர்வாணையத் தலைவர். பொருள்: என்.டி.ஏ. தேர்வில் கணக்கு, பொது அறிவுக் கேள்விகளைத் தமிழ் முதலிய மாநில மொழிகளிலும் அச்சிடக் கோருதல் தொடர்பாக. பார்வை என்ற இடத்தில் மேலே சொன்ன இரண்டு தேர்வுகளையும் காட்டியிருக்கிறேன். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள், சாயங்காலம் கடற்கரையில் வழக்கமாக நாம் உட்காரும் இடத்துக்குக் கண்ணாடியோடு வாருங்கள். எழுத்து கொஞ்சம் சின்னதாக வந்துவிட்டது.