வல்லாரை டப்பாவும் ப்ளஸ் டூ பயமும்

பொதுத்தேர்வு நெருங்கினால் போதும், எங்க ஆதம்பாக்கம் மருந்துக்கடைகளில் ஒரு தட்டு முழுக்க பச்சையாயிடும். வல்லாரை மாத்திரை, வல்லாரை சிரப், வல்லாரை பொடி. டப்பா மேல கண்ணாடி போட்ட ஒரு பையன், அவன் தலைக்கு மேல எரியற பல்பு. ப்ளஸ் டூ பிள்ளை வச்சிருக்கற அம்மாக்கள் விலைகூட பார்க்காம வாங்கிட்டுப் போறாங்க.

எனக்கு வல்லாரை மேல ஒரு கோபமும் இல்லீங்க. எங்க வீட்டுல வாரம் ஒரு தடவை துவையல் உண்டு. பெத்தவங்க பயத்தை டப்பாவில் அடைச்சு விக்கிறாங்களே, கோபம் அவங்க மேலதான்.

ஞாபகசக்தி விஷயத்துக்கு வருவோம். தாய்லாந்து ஆய்வாளர்கள் 11 மருத்துவப் பரிசோதனைகளைச் சேர்த்து அலசி, 2017-ல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதினாங்க. மருந்தே இல்லாத டம்மி மாத்திரை சாப்பிட்டவங்களோடு ஒப்பிட்டால், வல்லாரை சாப்பிட்டவங்களுக்கு ஞாபகத்திலோ யோசிக்கும் திறனிலோ குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் சுறுசுறுப்பு, கொஞ்சம் கோபம் குறைவு. அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு ராம் வாங்கி சொருகற மாதிரி மூளைக்கு மாத்திரை போட முடியாது சாமி.

"அப்போ நம்ம பாட்டி சொன்னதெல்லாம் பொய்யா?"ன்னு கேப்பீங்க. பாட்டி எங்க மாத்திரை குடுத்தாங்க? கீரையாத்தானே ஆக்கிப் போட்டாங்க! யாழ்ப்பாணத்தில் இன்னைக்கும் வல்லாரையைப் பொடியா அரிஞ்சு, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சை சேர்த்து சம்பல் போடறாங்க. சிங்களவங்க அதை அரைச்சு இலைக்கஞ்சி காய்ச்சறாங்க. சோத்தோட போகிற அளவு வேற, சாறை வத்தவச்சு மாத்திரையாக்கின அளவு வேற. வல்லாரை மாத்திரையை 20 முதல் 60 நாள் வரை சாப்பிட்ட மூணு பெண்களுக்கு மஞ்சள்காமாலை வந்தது 2005-லேயே ஒரு ஸ்பானிஷ் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கு. அபூர்வம்தான். ஆனா டப்பா மேல அந்தப் பையன் சிரிச்சுக்கிட்டேதானே இருக்கான்!

இன்னொரு கூத்து, 'பிராமி'. சில இடங்களில் அந்தப் பேர் நீர்ப்பிரம்மிக்கு. வேற சில இடங்களில் வல்லாரையையே அப்படிச் சொல்றாங்க. ரெண்டும் வேற வேற குடும்பத்துச் செடி. வல்லாரை, கொத்தமல்லிக்குச் சொந்தக்காரன். டப்பாவில் எது இருக்குன்னு வாங்கறவருக்கும் தெரியாது, பல சமயம் விக்கிறவருக்கும் தெரியாது.

வேணும்னா வளர்த்துக்கோங்க. விதைக்கு அலைய வேண்டாம். வேரோட ஒரு கணு கிடைச்சா போதும், தரையோட தரையா ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டுப் படரும். ஆழம் வேண்டாம், அகலமான தொட்டி வேணும். களிமண் கலந்த மண், கொஞ்சம் தொழு உரம், எப்பவும் ஈரம். நம்ம ஊர் மே மாச வெயில்ல மொட்டைமாடியில் வச்சா கருகிடும், பால்கனியில் பாதி நிழல்ல வைங்க. அரிசி களைஞ்ச தண்ணியே ஊத்தலாம். ஓடுகொடியை விட்டுட்டு இலையை மட்டும் காம்போட கிள்ளினா, திரும்பத் திரும்பத் துளிர்க்கும், வருஷக்கணக்கா இருக்கும்.

ஏரிக்கரையில, சாக்கடை ஓரத்துல தானா முளைச்சதைப் பறிக்காதீங்க. மண்ணில் இருக்கற ஈயம், காட்மியத்தையும் இந்தச் செடி உறிஞ்சி வச்சுக்கும். நம்ம ஏரிகள்ல என்ன கலக்குதுன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா? கல்லீரல் கோளாறு இருக்கறவங்க டாக்டரைக் கேட்டுட்டு சாப்பிடுங்க.

உளுந்து, வரமிளகா, புளி, தேங்காயோட வதக்கி அரைச்சு, சுடுசோத்துல நல்லெண்ணெய் விட்டுப் பிசைஞ்சு பையனுக்குக் குடுங்க, ருசிக்காக. மார்க்குக்காக இல்லை. படிச்சது ஞாபகத்தில் நிக்கணும்னா, ராத்திரி பத்து மணிக்கு லைட்டை அணைச்சு அவனைத் தூங்க விடுங்க. அதை இதுவரைக்கும் எவனும் டப்பாவில் போட்டு விக்கலை :-)