விளக்கு அடிக்கும் தந்தி

தந்தி என்றாலே வீட்டில் அழுகுரல் எழும்பிய காலம் உண்டு. நம் நாட்டுத் தந்தி சேவை 2013 ஜூலையில் விடைபெற்றது. எனினும் மோர்ஸ் பாஷையைத் திருநீர்மலை அடிவாரத்தில் மாடிக்கு மாடி இன்றும் பேசலாம் என்பது நம் அபிப்பிராயம். சிவப்பு எல்.இ.டி. விளக்கு, 3 வோல்ட் நாணய பாட்டரி, விளக்கை ஏற்றி அணைக்கும் சிறு சில்லு, இரும்புக் கம்பியில் ஒட்ட ஒரு காந்தம், இவ்வளவே சாமான்.

புள்ளிக்கு ஒரு மாத்திரை ஒளி, கோட்டுக்கு மூன்று. எழுத்துக்கு எழுத்து மூன்று மாத்திரை இருள், சொல்லுக்குச் சொல் ஏழு. குறில் நெடில் கற்ற நம் பிள்ளைகளுக்கு இது கடினமா? (நெடிலுக்கு இரண்டே மாத்திரை, இங்கே ஒன்று கூடுதல்!)

கைக்குழந்தை உள்ள வீட்டார் மட்டும் கவனிக்கவேண்டும். விழுங்கிய பாட்டரி இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடக்கூடும், காந்தமும் ஆபத்தே. பெட்டியைத் திருகாணியிட்டு இறுக்கிய பின்னரே விளக்கை வெளியில் எடுங்கள்.