பக்கத்து வீட்டு அத்தையும் கடைசி நியாயத்தீர்ப்பும்

ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. இந்தப் பதிவு ரொம்ப நாளா டிராஃப்ட்லயே கிடந்தது. போடலாமா வேண்டாமான்னு ஒரே யோசனை. சரி, மனசுல இருக்கிறதை இங்கே கொட்டாம வேற எங்கே கொட்ட?

டிஸ்கி: இது பிரசங்கம் இல்லை. யாரையும் மதம் மாத்துற எண்ணமும் இல்லை. நான் இறையியல் படிச்சவனும் இல்லை, பொட்டி தட்டுறவன். தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன்.

எங்க ஊர் திருநெல்வேலிப் பக்கம். நாங்க நாலு தலைமுறையா வேதக்காரங்க. எங்க ஆச்சிக்குப் பக்கவாதம் வந்து ரெண்டரை வருஷம் படுக்கையில இருந்தாங்க. அப்பா இல்லை, அம்மா பள்ளிக்கூடத்துல டீச்சர், நான் சென்னையில. பகல் முழுக்க ஆச்சியைப் பார்த்துக்கிட்டது பக்கத்து வீட்டு அத்தை. சொந்த அத்தை இல்லை, கூப்பிட்டுப் பழகின அத்தை. பீடி சுத்துற பொம்பளை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மடியில இருக்கிற பீடித் தட்டை இறக்கி வச்சுட்டு, சுவர் தாண்டி வந்து ஆச்சியைப் புரட்டிப் படுக்க வைப்பாங்க. படுக்கைப்புண் வரக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது ஒரே தடவை. அத்தை அதை ரெண்டரை வருஷம் மறக்கலை. துணி மாத்தினது, கஞ்சி ஊட்டினது, எல்லாம் அவங்கதான். அம்மா காசு கொடுத்தா, "மதினி, இனிமே இப்படிச் செஞ்சியன்னா நான் இந்தப் பக்கம் வரவே மாட்டேன்"னு கோவிச்சுக்குவாங்க. செவ்வாக்கிழமை அம்மனுக்கு விரதம். அன்னிக்கும் வருவாங்க, பச்சத் தண்ணி கூடக் குடிக்காம.

ஆச்சி போனதுக்கு அப்புறம் ஒரு வருஷத்துல அத்தையும் போயிட்டாங்க. துட்டி கேட்கப் போனப்ப எங்க பெரியப்பா ஒருத்தர், நல்ல மனுஷர்தான், மெதுவா அம்மாகிட்ட சொன்னார்: "தங்கமான பொம்பளை. என்ன செய்ய, ரட்சிக்கப்படாமலே போயிட்டாளே."

அம்மா ஒண்ணும் சொல்லலை. ராத்திரி பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்டாங்க: "ஏய்யா, நீ நாலு புஸ்தகம் படிக்கிறவன்தானே. அவ இப்ப எங்க இருப்பா?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு.

*

எங்க சபையில சின்ன வயசுல இருந்து சொல்லித் தர்ற பாடம் இதுதான். மனுஷன் தன்னோட நற்கிரியையால் ரட்சிக்கப்பட முடியாது. கிருபையினால், விசுவாசத்தைக் கொண்டு மட்டுமே. இதைச் சும்மா சொல்லலை, இதுக்குப் பின்னாடி பெரிய சண்டையே இருக்கு. 1517ல் ஜெர்மனியில பாவமன்னிப்புச் சீட்டு வித்துக்கிட்டிருந்தாங்க. ரோமில் புனித பேதுரு ஆலயம் கட்டவும் அந்தக் காசு போச்சு. காசு கொடுத்தா செத்துப்போன உங்க அப்பா அம்மாவுக்கும் தண்டனை குறையும்னு ஏழை ஜனங்களை நம்ப வச்சாங்க. அதை எதிர்த்துக் கேட்டவர்தான் மார்ட்டின் லூத்தர். கடவுளோட அன்பை விலைக்கு வாங்க முடியாது, அது இலவசம்ங்கிறதுதான் அவர் கட்சி. என்னைக் கேட்டா, அந்த இடத்துல லூத்தர் நூத்துக்கு நூறு சரி.

ஆனா அவருக்கு ஒரு தலைவலி இருந்தது. பைபிள்லயே யாக்கோபு எழுதின நிருபம்னு ஒண்ணு இருக்கு. கிரியை இல்லாத விசுவாசம் செத்ததுன்னு அது நேருக்கு நேரா சொல்லுது. 1522ல் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் வெளியிட்டப்போ, லூத்தர் ரோமர் நிருபத்துல மூலத்தில் இல்லாத "மட்டுமே"ங்கிற வார்த்தையைச் சேர்த்தார். யாக்கோபை வைக்கோலோடு ஒப்பிட்டார், புத்தகத்தோட கடைசிப் பக்கமாத் தள்ளி வச்சார். இதுல காமெடி என்னன்னா, விசுவாசம், மட்டும்ங்கிற ரெண்டு வார்த்தையும் புதிய ஏற்பாட்டுல ஒண்ணாச் சேர்ந்து வர்றது ஒரே ஒரு இடத்துலதான். அது யாக்கோபு நிருபத்துல. அங்கேயும் அவர் சொல்றது "விசுவாசம் மட்டும் போதாது"ங்கிற அர்த்தத்துல! :-)

அப்போ பவுலும் யாக்கோபும் சண்டைக்காரங்களா? எனக்கு அப்படித் தோணலை. ரெண்டு பேரும் ஆபிரகாமைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுறாங்க. பவுல் காட்டுற ஆபிரகாம், விருத்தசேதனமும் சட்டமும் வர்றதுக்கு முன்னாடியே நம்பினவர். அதாவது, "எங்க சடங்கைச் செஞ்சாத்தான் உள்ளே விடுவோம்"னு வாசல்ல நிக்கிறவங்களுக்கு எதிரா பவுல் பேசுறார். யாக்கோபு காட்டுற ஆபிரகாம் மகனையே பலிபீடம் வரைக்கும் கூட்டிப் போனவர். பசியோட வர்றவனைப் பார்த்து "சமாதானமாப் போ, வயிறாரச் சாப்பிடு"ன்னு வாழ்த்திட்டுச் சோறு போடாம அனுப்புறவனுக்கு எதிரா யாக்கோபு பேசுறார். எதிராளி வேற, அதனால பேச்சும் வேற.

நம்ம பொழைப்புல இருந்து ஒரு உதாரணம். சர்வருக்கு ஹெல்த் செக்னு ஒண்ணு வச்சிருப்போம். டாஷ்போர்டுல பச்சை லைட் எரியும், "நான் உயிரோட இருக்கேன்"னு சொல்லும். ஆனா வர்ற ரிக்வெஸ்ட் ஒண்ணுக்கும் பதில் வராது, எல்லாம் டைம் அவுட். ராத்திரி ரெண்டு மணிக்கு இந்தக் கொடுமையை அனுபவிச்சவங்களுக்கு யாக்கோபு சொல்றது உடனே புரியும். அதே சமயம், லைட்டுக்குப் பச்சை பெயின்ட் அடிச்சா சர்வர் ஓடிடாது. அது லூத்தர் பாயின்ட்.

இது கிறிஸ்தவங்களுக்கு மட்டும் உள்ள சண்டைன்னு நினைக்காதீங்க. ஸ்ரீரங்கத்துக்காரரான ஆபீஸ் நண்பர்கிட்ட டீக்கடையில இதைச் சொன்னேன். சிரிச்சுட்டுச் சொன்னார்: "இதைத்தானே எங்க ஆளுங்க குரங்குக்குட்டி, பூனைக்குட்டின்னு சொல்லி நூத்துக்கணக்கான வருஷமாச் சண்டை போடுறாங்க." குரங்குக்குட்டி தாயைத் தானே கெட்டியாப் பிடிச்சுக்கணும், அது வடகலை. பூனைக்குட்டி சும்மா கிடக்கும், தாயே கவ்விட்டுப் போகும், அது தென்கலை. எங்க பெரியப்பா தென்கலைன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது. :-)

*

சரி, கடைசித் தீர்ப்புக்கு வருவோம். மத்தேயு 25ஆம் அதிகாரத்துல இயேசு அந்தக் காட்சியைச் சொல்றார். ராஜா உட்கார்ந்திருக்கார், எல்லா ஜனங்களும் முன்னாடி நிக்கிறாங்க, மேய்ப்பன் செம்மறியாட்டையும் வெள்ளாட்டையும் பிரிக்கிற மாதிரிப் பிரிக்கிறார். அங்கே பேச்சு ஆறே விஷயத்தைப் பத்தித்தான். பசிச்சவன், தாகமா இருந்தவன், அந்நியன், துணி இல்லாதவன், நோயாளி, சிறையில இருந்தவன். இவங்களுக்கு என்ன செஞ்சே? எந்தச் சபை, ஞானஸ்நானம் முழுக்கா தெளிப்பா, ஞாயித்துக்கிழமை எத்தனை தடவை லேட்டுன்னு ஒரு கேள்வியும் இல்லை.

என்னை ரொம்பத் தொந்தரவு பண்றது இன்னொரு விஷயம். அங்கே ரெண்டு பக்கத்து ஆளுங்களுக்கும் ஆச்சரியம். நல்லது செஞ்சவங்களே, "உமக்கு நாங்க எப்போ செஞ்சோம்?"னுதான் கேட்கிறாங்க. அவங்ககிட்ட கணக்கு நோட்டு இல்லை. சொர்க்கத்துக்கு பாயின்ட்ஸ் சேர்க்கணும்னு செய்யலை. ஒரு ஆள் பசியோட இருந்தான், சோறு போட்டாங்க, அவ்வளவுதான். இங்கேதான் லூத்தரும் மத்தேயுவும் கை குலுக்கிக்கிறாங்கன்னு நான் நினைக்கிறேன். கணக்கு வச்சுச் செய்யுற தர்மம் வியாபாரம்னு லூத்தர் சொல்றார். தீர்ப்பு நாள்ல நிக்கப் போறது கணக்கு வைக்காம செஞ்ச தர்மம்தான்னு மத்தேயு சொல்றார். கோயில் டியூப் லைட்ல வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு உபயதாரர் பேரை எழுதி வைக்கிறோமே (எங்க சர்ச்சுல அது மார்பிள் கல்), ரெண்டு பேருக்குமே அது பிடிக்காது.

நியாயமா எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லிடறேன். அந்தப் பகுதியில ராஜா "என் சகோதரர்"னு சொல்றது எல்லா ஏழைகளையும் இல்லை, இயேசுவோட சீஷர்களைத்தான்னு சொல்ற அறிஞர்கள் இருக்காங்க. அதே மத்தேயு 10ல் சீஷனுக்குக் கொடுக்கிற ஒரு குவளைத் தண்ணியைப் பத்தி வருது, அதனால அது வெத்து வாதம் இல்லை. ஆனா அப்படியே வச்சுக்கிட்டாலும் எங்க ஆச்சி ஞானஸ்நானம் எடுத்த சீஷிதானே? அவங்க வாய்க்குத் தண்ணி ஊத்தினது யாரு?

இன்னொண்ணு. விசுவாசம் மட்டும்னு அடிச்சுப் பேசுற பவுலே, அவனவன் கிரியைக்குத் தக்கதா கடவுள் பலன் கொடுப்பார்னு ரோமர் 2ல் எழுதியிருக்கார். எபேசியர் 2ல் எட்டாம், ஒன்பதாம் வசனம் எங்க பிள்ளைங்க எல்லாருக்கும் மனப்பாடம்: கிருபையால் ரட்சிப்பு, கிரியையால் அல்ல. பத்தாவது வசனத்தை யாரும் மனப்பாடம் பண்றதில்லை. நாம படைக்கப்பட்டதே நற்கிரியை செய்யத்தான்னு அதுல இருக்கு. ஞாயிறு பள்ளிப் போட்டியில எட்டும் ஒன்பதும் சொல்லி ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஜெயிச்சவன் நான். அனுபவத்துல சொல்றேன்.

சபைகளும் சும்மா இல்லை. 1547ல் ட்ரெண்ட் சங்கத்துல கத்தோலிக்கத் தரப்பு லூத்தர் தரப்புப் போதனையைக் கண்டனம் பண்ணுச்சு. ஆனா கிருபை இல்லாம சொந்தக் கிரியையால் மட்டும் மனுஷன் நீதிமான் ஆகலாம்னு சொல்றதையும் அதே சங்கம் கண்டிச்சது. 450 வருஷத்துக்கு மேல ஆச்சு. 1999 அக்டோபர் 31ல் ஆக்ஸ்பர்க் நகரத்துல லூத்தரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்க சபையும் கூட்டுப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்டாங்க. நம்ம தகுதியால் இல்லை, கிருபையால்தான் ஏற்றுக்கொள்ளப்படுறோம், அந்தக் கிருபையே நற்கிரியைக்கு நம்மை அனுப்புதுங்கிறதுதான் அதோட சாரம். 2006ல் மெத்தடிஸ்ட்டுகளும் 2017ல் சீர்திருத்த சபைகளும் சேர்ந்துக்கிட்டாங்க. இவ்வளவும் நடந்திருக்கு, எங்க ஊர்ல இன்னும் ஆர்.சி. தெருவுக்கும் எங்க தெருவுக்கும் நடுவுல இதே வாக்குவாதம் ஓடிக்கிட்டிருக்கு.

நம்ம ஊருக்கு லூத்தர் வழியைக் கொண்டு வந்தவங்களே இதைப் பிரிச்சுப் பார்க்கலை. 1706ல் தரங்கம்பாடியில வந்து இறங்கின சீகன்பால்கு, 1715ல் புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சு முடிச்சார். அதுக்கு முன்னாடியே 1707ல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாச்சு. கிரியை வேண்டாம்னு நினைச்ச ஆளு எதுக்குப் பள்ளிக்கூடம் நடத்தணும்?

*

இப்போ அம்மாவோட கேள்வி.

கத்தோலிக்க சபை 1964ல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்துல ஒரு பதில் சொல்லுச்சு. தன் தப்பு இல்லாம சுவிசேஷத்தை அறியாதவங்க, உண்மையான மனசோட கடவுளைத் தேடி, மனசாட்சிப்படி நடந்தா அவங்களுக்கும் ரட்சிப்பு கிடைக்கலாம்னு. கார்ல் ரானர்னு ஒரு ஜெர்மன் இறையியலாளர் இன்னும் ஒரு படி மேலே போய், அப்படிப்பட்டவங்களை "பெயர் அறியாத கிறிஸ்தவர்கள்"னு சொன்னார். நல்லெண்ணம்தான். ஆனா எனக்கு அது ஒட்டலை. அத்தை அம்மனைக் கும்பிட்டாங்க, தெரிஞ்சே, மனசாரக் கும்பிட்டாங்க. அவங்க செத்ததுக்கு அப்புறம் அவங்களைக் கேட்காம எங்க ரெஜிஸ்டர்ல பேர் எழுதுறது மரியாதை இல்லை.

அதுக்காக "எல்லாரும் பாஸ்"னு நான் சர்டிபிகேட் கொடுக்கவும் முடியாது. அதுவும் நீதிபதி நாற்காலியில ஏறி உட்கார்றதுதான். பெரியப்பா பண்ணின தப்பை நான் திருப்பிப் போட்டுப் பண்ணினதா ஆகும்.

என் கருத்து இவ்வளவுதான். நியாயத்தீர்ப்புக் காட்சி அடுத்தவன் எங்கே போவான்னு நமக்குச் சொல்ல எழுதப்படலை. நாம எங்கே நிக்கிறோம்னு பார்க்க எழுதப்பட்டது. அப்படிப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்குது. ஞானஸ்நானம் ஆச்சு, திடப்படுத்தல் ஆச்சு, வசனப் போட்டியில பரிசு. விசுவாசப் பிரமாணம் தலைகீழாச் சொல்லுவேன். ஆச்சி படுத்திருந்த ரெண்டரை வருஷத்துல மாசாமாசம் பணம் அனுப்பினேன், கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் போனேன். ஒரு தடவை கூட அவங்க துணியை மாத்தினது இல்லை. நாத்தம் தாங்காம வாசல்ல நின்னு போன் பேசிக்கிட்டிருந்தேன். உள்ளே அத்தை துடைச்சுக்கிட்டிருந்தாங்க. செவ்வாக்கிழமைன்னு ஞாபகம்.

"நோயா இருந்தேன், நீ வந்தியா?"ங்கிற மாதிரி ஒரு கேள்வி வந்தா, "நெட் பேங்கிங்ல அனுப்பினேன்"னா சொல்ல முடியும்?

இதை எல்லாம் அம்மாகிட்ட சுருக்கமாச் சொன்னேன். லூத்தர், யாக்கோபு, ட்ரெண்ட் எல்லாம் விட்டுட்டு, "தீர்ப்புச் சொல்றது நம்ம வேலை இல்லம்மா"ன்னு மட்டும். அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "எனக்குத் தெரியும். உங்க ஆச்சி அங்க இருந்தா, அவ வராம கதவைச் சாத்த விட மாட்டா."

இறையியல்ல அதுக்கு என்ன பேர்னு எனக்குத் தெரியாது. ஆனா நான் படிச்ச பதில்கள்ல எனக்குப் பிடிச்சது அதுதான்.

உங்க கருத்து என்ன? விசுவாசிகளும் நாத்திக நண்பர்களும் தாராளமாப் பின்னூட்டுங்க. கும்மி மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

பி.கு: அத்தையோட வீட்டுக்காரருக்கு இப்போ கண் சரியாத் தெரியலை. அடுத்த மாசம் லீவு போட்டு ஊருக்குப் போறேன், அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். இதை இங்கே எழுதினதுல கணக்கு நோட்டு ஆரம்பிச்சுட்டேனோன்னு பயமா இருக்கு. அழிச்சுடலாமான்னு பார்த்தேன். இருக்கட்டும், போகாம இருந்துட்டா நீங்களாவது கேட்பீங்களே.