குரலுக்கும் வேலி வேண்டும்

எழுத்தைக் காட்டிலும் குரலையே பெரிதும் நம்பியிருப்பது மலையகச் சமூகம். தலவாக்கலை, லிந்துலை எனத் திம்புள்ளப் பகுதித் தோட்டங்களில் வாழும் பெற்றோர், கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் பிள்ளைகளுடன் கைத்தொலைபேசியின் குரல்வழியாகவே உறவைப் பேணுகின்றனர். தோட்டத்துறையின் எழுத்தறிவு வீதம் நாட்டின் ஏனைய துறைகளைவிடக் குறைந்திருப்பதும் இதற்கு ஒரு காரணமாகும். 2020 மார்ச்சில் கொவிட் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அதே கைத்தொலைபேசி வகுப்பறையாகவும் மாறியது. ஆகவே, இணைய உலாவியின் ஒலி வசதிகளை யார், எந்த நிபந்தனையின் பேரில் கையாளலாம் என்னும் கேள்வி பொறியியலாளர்களுக்கு மட்டும் உரியதன்று.

நாம் ஓர் இணையத்தளத்தைத் திறக்கும்போது அதனை நடத்தும் நிறுவனத்தின் நிரல் மட்டும் இயங்குவதில்லை. விளம்பரம், பார்வையாளர் கணக்கெடுப்பு, காணொளி எனப் பல தேவைகளுக்காக மூன்றாம் தரப்பினரின் நிரல்களும் உடன் வருகின்றன. அவை இரு வழிகளில் நுழைகின்றன. ஒன்று, தனிச் சட்டகத்துக்குள் அடைக்கப்பட்டு வருவது. அவ்வாறு வரும் அயல் நிரலுக்கு, தளத்தின் உரிமையாளர் வெளிப்படையாகக் கையளித்தாலன்றி ஒலிவாங்கியை இன்றைய முன்னணி உலாவிகள் வழங்குவதில்லை.

மற்றைய வழியே ஆபத்தானது. தளத்தின் சொந்த நிரலோடு கலந்து இயங்கும் அயல் நிரலுக்கு, தளத்துக்கு உள்ள உரிமைகள் அனைத்தும் கிட்டிவிடுகின்றன. வாசிப்புப் பயிற்சிக்காக ஒரு கல்வித் தளத்துக்கு மாணவி ஒலிவாங்கி அனுமதி அளிக்கிறாள் எனக் கொள்வோம். அதே பக்கத்தில் கலந்திருக்கும் விளம்பர நிரலும் அந்த அனுமதியைப் பயன்படுத்தக்கூடும். உலாவி இரண்டாம் முறை கேட்பதில்லை.

ஒலிவாங்கியைத் தொடாமலே செய்யக்கூடிய கண்காணிப்பும் உண்டு. கருவிக்குள் செவிக்குக் கேளாத ஒலிச் சமிக்ஞையை உருவாக்கி, அது கையாளப்படும் விதத்திலுள்ள நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டு கருவியை அடையாளங்காணும் உத்தி நடைமுறையில் இருப்பதை, பத்து இலட்சம் தளங்களை ஆராய்ந்த அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளிப்படுத்தினர்.

அதற்காக எல்லாக் கதவுகளையும் ஒரேயடியாக அடைத்துவிடவும் இயலாது. 2018 ஏப்ரலில் கூகுளின் குரோம் உலாவி, தானாக ஒலிக்கும் தளங்களைக் கட்டுப்படுத்தியபோது எத்தனையோ இணைய விளையாட்டுகள் ஊமையாகின. எதிர்ப்பு எழவே அந்த விதியின் ஒரு பகுதி தற்காலிகமாக மீளப் பெறப்பட்டு, அவ்வாண்டின் இறுதியிலேயே மீண்டும் அமுலாக்கப்பட்டது. பாதுகாப்பு அவசியம், அதற்கு முன்னறிவித்தலும் அவகாசமும் அவசியம்.

நியாயமான வழி நடுவிலேயே உள்ளது. அயல் நிரலைச் சட்டகத்துக்குள் வைக்க வேண்டும். ஒலிக்கச் செய்தல், நிறுத்துதல் போன்ற வரையறுத்த கட்டளைகளை மட்டும் தளமே இடைநின்று வழங்க வேண்டும். ஒலிவாங்கியை ஒருபோதும் இயல்பாகக் கையளிக்கலாகாது.

"அனுமதித்தான் அல்லவா?" என்று பயனாளர் மீது பொறுப்பைச் சுமத்துவது எளிது. ஆனால் கைத்தொலைபேசி ஆங்கிலத்தில் அமைந்திருக்க, கேள்வியின் பொருளறியாது பொத்தானை அழுத்தும் தாயின் இசைவை உண்மையான இசைவென எவ்வாறு கொள்வது?

இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சிறுவர் தொடர்பான தரவுகளைச் சிறப்பு வகைத் தரவுகளாகக் கணிக்கிறது. எனினும் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டமை கவலைக்குரியதாகும். ஏட்டிலுள்ள பாதுகாப்பு எவரையும் காப்பதில்லை.

கல்வி அமைச்சும் ஏனைய அரச நிறுவனங்களும் தமது தளங்களில் எந்த அயல் நிரல்கள் இயங்குகின்றன என்பதை உடனடியாகப் பரிசீலிக்க வேண்டும். ஒலிவாங்கி தேவைப்படும் பக்கங்களிலிருந்து விளம்பர, கணக்கெடுப்பு நிரல்களை அகற்ற வேண்டும். குரல் எதற்காகப் பெறப்படுகிறது, எங்கு சேமிக்கப்படுகிறது என்பதை அனுமதி கோருவதற்கு முன்னரே எளிய தமிழிலும் சிங்களத்திலும் கூற வேண்டும். தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை இதற்கான வழிகாட்டலை வெளியிடுவது அதன் கடமையாகும்.

நம் மக்களின் குரல் நீண்ட காலம் கொழும்பில் கேட்கப்படாதிருந்தது. இன்று அவர்கள் அறியாமலே அது கேட்கப்படும் நிலை உருவாக இடமளிக்கலாகாது.