புண்ணியம் போதாது

பக்கவாதத்தில் விழுந்த மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகளிடம், நலம் விசாரிக்க வருகிறவர்கள் தவறாமல் சொல்வது: “நீ பண்றது பெரிய புண்ணியம்மா.” சொல்கிறவர்கள் மனதில் பொய்யில்லை. ஆனால், பலனை அடுத்த பிறவிக் கணக்கில் எழுதிவிடுவதால், நேற்றிரவு அந்தப் பெண் தூங்கினாரா என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

படுத்த படுக்கையாகிவிட்டவரைக் கவனிப்பதில் பெரிய அர்த்தம் இருக்கிறது என்று நானும் நம்புகிறேன். கடமை, நன்றிக்கடன் என்று அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எனக்குப் போதவில்லை. கை பழகப் பழகத்தான் அந்த அர்த்தம் வருகிறது. சட்டை போடும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையிலிருந்து தொடங்க வேண்டும். தண்ணீர் கொடுத்தால் புரையேறுகிறவர், நிமிர்த்தி உட்காரவைத்துக் கெட்டியான கஞ்சியைச் சிறு ஸ்பூனால் ஊட்டினால் விழுங்கிவிடுவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பெலும்பு மேட்டில் தோல் சிவந்து புண்ணாகும். பேச்சு போய், ‘ம்மா’ என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியவரிடம், தாகத்துக்கு ஒரு ‘ம்மா’, வலிக்கு ஒரு ‘ம்மா’, டிவியை மாற்றச் சொல்ல வேறொரு ‘ம்மா’. கூடவே இருப்பவருக்குத்தான் அது பிடிபடும். காலமெல்லாம் ஒரே வீட்டில் இருந்தும் அப்பாவிடம் மனம்விட்டுப் பேசாத மகன்கள் உண்டு. அவருக்குச் சவரம் செய்துவிடும்போதுதான் அந்த முகத்தை அவர்கள் கிட்டத்தில் பார்க்கிறார்கள்.

இந்தக் கூர்மை, தூங்கி எழுந்த உடம்புக்குத்தான் வாய்க்கும். இரவெல்லாம் எழுந்து எழுந்து பார்த்தவருக்கு எல்லா ‘ம்மா’வும் ஒன்றாகவே கேட்கும். எரிச்சல் வரும், பின்னாலேயே குற்ற உணர்வும் வரும். அதை அன்புக் குறைவு என்பது அநியாயம்.

பராமரிப்பவருக்கும் உதவி வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே, அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்க இடமிருக்கிறது. கேரளத்தின் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டம் பராமரிப்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று வைத்தது. தொகை சொற்பம்தான், ஆனாலும் அங்கே பராமரிப்பவரும் அரசின் கணக்கில் ஓர் ஆளாகிவிட்டார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவந்தது. பெரிய காரியம் அது. வீடு தேடி வரும் செவிலியர், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவரின் ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். முதுகுவலி உண்டா என்று அவரிடமும் கேட்க வேண்டும். வெளியூர் போய்வர வேண்டிய நாட்களில் நோயாளியை நம்பி விட்டுச்செல்ல அருகிலேயே ஓர் இடமும் வேண்டும்.

குடும்பத்துக்குள்ளும் பாக்கி இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து இளைய மகன் அனுப்பும் பணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. டயப்பரும் மருந்தும் அதில்தான் வருகின்றன. ஆனால், லீவில் வரும்போது விருந்தாளியாக உட்கார்ந்திருக்காமல், பத்து நாள் இரவுப் பொறுப்பை அவர் ஏற்கட்டும். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அண்ணியை அவருடைய அம்மா வீட்டுக்கு அனுப்பிவைக்கட்டும். முதல் இரண்டு நாள் கஞ்சி சிந்தும், படுக்கை நனையும். சந்தேகம் வந்தால் அண்ணிக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.