மெஷினுக்குள் போகாத டம்ளர்

பாளையங்கோட்டையில் நண்பர் ஒருவர் வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷின் நின்றுபோனது. அடியில் அழுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, வெளியே போகவில்லை. சர்வீஸ் ஆள் வர நான்கு நாள் ஆகும், வந்து திறந்து பார்ப்பதற்கே தனிக் கட்டணம் என்று சொல்லியிருக்கிறார்கள். "நீதான் மிக்ஸி, ஃபேன் எல்லாம் கழட்டிப் போடுவியே, ஒரு எட்டு வந்து பாருடே" என்றார். போனேன்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தண்ணீர் வெளியேறாத மெஷின்களில் முக்கால்வாசி கோளாறு அடைப்புதான். முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும், குழாயை மூட வேண்டும். தேங்கிய தண்ணீரை ஒரு டம்ளரால் மொண்டு வாளியில் ஊற்ற வேண்டும். கீழ்த்தட்டை வெளியே இழுத்தால் தரையில் வட்டமாக ஒரு ஃபில்டர் தெரியும். பெரும்பாலான மாடல்களில் அதை இடப்பக்கம் திருகினால் கழன்று வரும். அதற்குக் கீழே உள்ள குழிக்குள் கையை விட வேண்டும். கண்ணாடிச் சில்லு இருக்கலாம், பார்த்துத்தான் விட வேண்டும். குழியின் ஓரத்தில் பம்ப்பை மூடியிருக்கும் சிறு மூடியை எடுத்தால் உள்ளே ஒரு குட்டிச் சக்கரம். அதை ஒரு குச்சியால் தள்ளிப் பார்த்தால் சுற்றுகிறதா, சிக்கியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். அதற்கும் சரியாகவில்லை என்றால் பின்னால் போகும் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான், அரை மணி நேர வேலை.

என் கையில் வந்தது ஒரு பிடி. சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, கடுகு, முருங்கைக்காய்ச் சக்கை, எலுமிச்சை விதை, எல்லாவற்றுக்கும் நடுவில் பம்ப்பின் சக்கரத்தில் குத்தி நின்ற ஒரு பல்குத்தும் குச்சி. நண்பர் இரண்டடி தள்ளி நின்று செல்போன் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். அவருடைய எச்சில்தான், அவர் வீட்டார் எச்சில்தான். ஆனாலும் முகத்தைச் சுளித்தார். அவருடைய அம்மா பதறிப்போய், "அந்த எச்சிலையெல்லாம் நீங்க ஏன் தம்பி தொடுதீங்க? காலையில அவ வருவா, அவள அள்ளிப்போடச் சொல்லிக்கிடலாம்" என்றார்.

'அவள்' இந்த வீட்டில் பதினோரு வருடமாக வேலை செய்கிற அக்கா. மெஷின் வந்த பிறகு பாத்திர வேலை இல்லையென்று சம்பளத்தில் பாதியைக் குறைத்துவிட்டார்கள். இப்போது பெருக்க, துடைக்க மட்டும் வருகிறார். மெஷின் அடைத்துக்கொண்டால் அதன் வயிற்றில் கைவிடவும் அவர்தான் வரவேண்டும் என்று அந்த அம்மா நினைத்ததில் எந்தக் கபடமும் இல்லை. மெஷினுக்கும் ஓர் எச்சில் உண்டு, அதை எடுக்க ஓர் ஆள் உண்டு. அவ்வளவு இயல்பாக வந்தது அந்த வார்த்தை.

இனிதான் விஷயம். சரிசெய்து முடித்து ஓட்டிப் பார்ப்பதற்காகச் சமையலறையில் கிடந்த பாத்திரங்களையெல்லாம் தட்டில் அடுக்கினேன். பின்வாசல் ஜன்னல் திட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஒரு தட்டும் கவிழ்த்து வைத்திருந்தது. அதையும் எடுத்தேன். அந்த அம்மாவின் முகம் மாறியது. "அது வேண்டாம் தம்பி. அது தனி."

நண்பர் முற்போக்காளர். கல்லூரி நாட்களிலேயே அம்பேத்கர் வாசிப்பு வட்டம் நடத்தியவர். இந்தத் தளத்தைத் தவறாமல் படிப்பவர், இதையும் படிப்பார். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மெஷின் வாங்கியபோது அவர் சொன்ன நியாயம் எனக்கு நினைவிருக்கிறது. "இன்னொருத்தரை நம்ம எச்சிலைக் கழுவ வைக்கிறது சுரண்டல் தோழர். மெஷின் வந்தா அந்தப் பிரச்சினையே இல்லை." நம்மில் பலர் இதைச் சொல்கிறோம். 2020 ஊரடங்கில் வீட்டு வேலைக்கு வரும் பெண்களைக் கிருமி போலப் பார்த்துக் கேட்டுக்கு வெளியே நிறுத்திய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்த மெஷின் படபடவென்று விற்றது. அப்போது நாம் பேசிய 'சுத்தம்' எது, 'தீட்டு' எது என்று பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு இரண்டும் ஒட்டிக்கிடந்தன.

இந்த மெஷினின் பிறப்பைக் கொஞ்சம் பாருங்கள். அமெரிக்காவில் ஜோசஃபின் காக்ரேன் என்ற வசதியான பெண்மணி 1886இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வீட்டு வேலையாட்கள் கழுவும்போது தன் விலையுயர்ந்த பீங்கான்கள் விளிம்பு உடைகின்றன என்பதுதான் அவருடைய மனக்குறை. வேலையாளின் முதுகுவலிக்காகப் பிறந்த மெஷின் அல்ல இது, வேலையாளின் கையை நம்பாததால் பிறந்தது. இங்கே வந்தபோது அது இன்னும் பழைய ஒரு சந்தேகத்தோடு சேர்ந்துகொண்டது.

'பத்துப்பாத்திரம்' என்று சொல்கிறோமே, அது பத்து என்ற எண்ணிக்கை அல்ல. பற்று. சோறு பற்றிய பாத்திரம், தீட்டுப்பட்ட பாத்திரம். தொழிலின் பெயரிலேயே தீட்டு உட்கார்ந்திருக்கிறது. என் ஆச்சி இருபது வருடம் பத்துப்பாத்திரம் தேய்த்தவர். கொல்லை வழியாகத்தான் போவார். கிணற்றடியில் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பார். அந்த வீட்டு அம்மா வந்து அதன்மேல் தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே எடுத்துப்போவார். எச்சில் போகத் தேய்த்தவரின் கையே அடுத்த தீட்டு! இந்தக் கணக்கை எந்த மெஷின் தீர்க்கும்?

நம் ஊரிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டர் போனால் சேரன்மகாதேவி. 1922இல் வ.வே.சு. ஐயர் அங்கே குருகுலம் தொடங்கினார். தேசியக் கல்வி என்று சொல்லி ஊரெல்லாம் நன்கொடை திரட்டினார்கள், தமிழ்நாடு காங்கிரசும் ஐயாயிரம் ரூபாய் கொடுத்தது. உள்ளே பார்ப்பனப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனிச் சாப்பாடு. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தவர். அவர் வழியாக விஷயம் வெளியே வந்தது என்பார்கள். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் விடவில்லை. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியதற்குப் பின்னால், வகுப்புரிமைத் தீர்மானத்தோடு இந்தப் பந்திச் சண்டையும் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசியலின் திசையையே மாற்றிய சண்டை, தாமிரபரணிக் கரையில் இரண்டு சாப்பாட்டுத் தட்டிலிருந்து தொடங்கியது. இதை நாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் குருகுலத்தில் தனிப்பந்தி கூடாது என்று கொதித்த எத்தனை பார்ப்பனரல்லாத வீடுகளில் அன்றைக்கு அந்த ஜன்னல் திட்டு டம்ளர் இல்லாமல் இருந்தது? நூறு வருடம் கழித்து என் நண்பர் வீட்டில் இருக்கிறதே.

இப்போது 'நீயே செய்' என்ற பேச்சுக்கு வருவோம். தானே கழற்றி, தானே பழுதுபார்ப்பது ஒரு விடுதலை என்கிறார்கள். ஒன்றிய அரசுகூட 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டது. கம்பெனி உதிரிப்பாகத்தை ஒளித்துவைப்பதை எதிர்ப்பது சரியான அரசியல்தான், எனக்கு மறுப்பில்லை. ஆனால் நம் கிராமத்து டீக்கடைகளில் 'நீயே செய்' என்பது வேறு பொருளில் இருந்தது. இரட்டைக்குவளை வைத்த கடையில், குடித்து முடித்த தலித் தன் கிளாசைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும். மற்றவர்கள் கிளாசைக் கடைக்காரர் கழுவுவார். ஒருவனுக்குச் சுயசார்பாக இருக்கும் அதே செயல் இன்னொருவனுக்கு அவமானமாக இருந்தது. கையில் ஒரே கிளாஸ்தான், ஒரே தண்ணீர்தான்.

பிறகு பிளாஸ்டிக் கப் வந்தது, பேப்பர் கப் வந்தது. இரட்டைக்குவளை ஒழிந்துவிட்டது என்றார்கள். பல கடைகளில் என்ன நடந்தது? ஒரு சாராருக்குக் கண்ணாடி கிளாஸ், இன்னொரு சாராருக்குத் தூக்கி எறியும் கப். சாதி நவீனப் பொருட்களைக் கண்டு பயப்படுவதில்லை தோழர்களே. வாங்கி, பிளக்கில் மாட்டி, ஓட்டிக்கொள்ளும்.

தானே கழுவுவதை ஒரு தவமாக ஆக்கிய மரபும் நமக்குத் தெரியும். காந்தியின் ஆசிரமத்தில் எல்லோரும் கழிப்பறை கழுவினார்கள். அதே காந்தி, அந்த வேலையில் பிறந்தவரிடம் அது புனிதமான தொண்டு என்றார். 1945இல் அம்பேத்கர் கடுமையாகத் தாக்கியது இந்த இடத்தைத்தான். ஆசிரமவாசி நாளைக்கு வேண்டாம் என்றால் கையைக் கழுவிக்கொண்டு போகலாம், மற்றவர் போக முடியாது. சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களைப் பிரித்து அடுக்கியிருக்கிறது என்று 1936லேயே அவர் எழுதியதை ஆயிரம் முறை மேற்கோள் காட்டுகிறோம். ஃபில்டர் குழிக்குள் கைவிடச் சொன்னால் இரண்டடி தள்ளி நிற்கிறோம்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. பத்துப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீரில், அறுபது எழுபது டிகிரி சூட்டில், கை படாமல் பத்துப்பாத்திரம் கழுவ மெஷின் வந்து நம் சமையலறைவரை நுழைந்துவிட்டது. சாக்கடைக் குழிக்குள் மட்டும் மனிதன் இறங்குகிறான். 2013இல் சட்டம் போட்டார்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை முப்பது லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்திருக்கிறது, குழிக்குள் இறங்குவது நிற்கவில்லை. எந்த வேலைக்கு மெஷின் முதலில் வரும் என்பதைத் தீர்மானிப்பது பொறியியல் மட்டும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அதனால் மெஷினை விற்றுவிடுங்கள் என்று சொல்லவில்லை. வைத்துக்கொள்ளுங்கள். அது அடைத்தால் நீங்களே கைவிடுங்கள், குறிப்பாக ஆண்களே, உங்கள் மனைவியையோ அம்மாவையோ விடச் சொல்லாமல். ஆனால் அதைச் செய்துவிட்டுச் சாதியை ஒழித்ததாகப் பதிவு போடாதீர்கள். பதினோரு வருடம் உங்கள் எச்சிலைத் தேய்த்தவரின் சம்பளத்தை மெஷின் வந்ததும் வெட்டினால் அது சுரண்டலிலிருந்து விடுதலை அல்ல, ஆட்குறைப்பு. ஆலையில் நடந்தால் கொடி பிடிப்போம். வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2011இல் வந்தது, இந்தியா இன்றுவரை அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. அரசைத் திட்டுவதற்கு முன்னால் அந்த வெட்டிய பாதியைத் திருப்பிக் கொடுக்கலாம். அதற்கு நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை.

அன்றைக்கு அந்த டம்ளரை நான் திருப்பி வைக்கவில்லை. மேல்தட்டில் மற்ற டம்ளர்களுக்கு நடுவில் கவிழ்த்து, கதவைச் சாத்தி, பட்டனை அழுத்தினேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நண்பரும் சொல்லவில்லை. மெஷின் சத்தம் மட்டும் ஒன்றரை மணி நேரம் கேட்டது. தண்ணீர் சுத்தமாக வெளியேறியது. கதவைத் திறந்தால் ஆவி பறக்க எல்லா டம்ளரும் ஒன்றுபோலத்தான் மின்னின. எது அந்த டம்ளர் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த அம்மாவுக்குத் தெரிந்தது. அடியில் ஒரு சின்ன நெளிவு இருந்திருக்கும்போல. தடவிப் பார்த்து எடுத்து, ஜன்னல் திட்டிலேயே கவிழ்த்தார்.

போன வாரம் நண்பர் கூப்பிட்டார். மெஷின் நன்றாக ஓடுகிறதாம். டம்ளர் என்ன ஆச்சு என்று கேட்டேன். "அம்மாகிட்ட பேசணும்டே" என்றார். அக்காவின் சம்பளத்தைக் கேட்டேன். லைன் சரியில்லை என்றார்.