மாத்திரை விலை தெரியுமா, டாக்டர்?

என் மாமியாருக்கு பி.பி., சர்க்கரை இரண்டும் உண்டு. தனியார் மருத்துவமனை ஒன்றில் ஏழு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் ஆகும். நாங்களும் வாய் பேசாமல் வாங்கிக் கொடுத்து வந்தோம்.

சென்ற தீபாவளிக்கு முன் கிணற்றடியில் தலை சுற்றி விழுந்துவிட்டார். அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே பயிற்சியில் இருந்த சின்னப் பெண், "பாட்டி, மாத்திரையெல்லாம் தினமும் போடறீங்களா?" என்று கேட்டதும் அத்தை மெதுவாக, "ஒருநாள் விட்டு ஒருநாள்தாம்மா போடறேன். புள்ளைக்கு எவ்ளோ செலவுதான் வைக்கிறது?" என்றாரே பார்க்கலாம்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

பெரிய டாக்டர் வந்து பார்த்து, ஏழை நான்காகக் குறைத்தார். மருந்தின் பொதுப்பெயரை எழுதி, மக்கள் மருந்தகத்தில் வாங்கச் சொன்னார். இப்போது மாதச் செலவு 500 ரூபாயைத் தாண்டுவதில்லை. அத்தையும் தினமும் போடுகிறார்.

மருத்துவம் படிக்கும் எதிர்வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். 2019-ல் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே, சிகிச்சைச் செலவுக்கும் நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதற்கும் உள்ள தொடர்பை நோயாளிக்கு விளக்கத் தெரியவேண்டும் என்று இருக்கிறதாம். நல்லதுதான். ஆனால் விளக்குகிறவருக்கு முதலில் விலை தெரியவேண்டாமா? பொதுப்பெயரில்தான் எழுதவேண்டும் என்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் விதி கொண்டுவந்தது. டாக்டர்கள் எதிர்த்ததும் அதே மாதம் நிறுத்தியும் வைத்தது. மலிவு மருந்தின் தரத்தைச் சோதிக்காமல் எப்படி எழுதுவது என்று அவர்கள் கேட்டதும் நியாயமே.

1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் நம் புதுச்சேரி. இன்று ஜிப்மரோடு சுற்றிலும் எத்தனையோ மருத்துவக் கல்லூரிகள்! என் யோசனை இதுதான். மாணவர்களை மாதம் ஒருநாள் மருந்துச் சீட்டோடு நோயாளியின் வீட்டாருடன் மருந்துக் கடைக்கு அனுப்புங்கள். பில் போட்டதும், "பத்து நாளைக்கு மட்டும் குடுங்க" என்று பர்ஸை எண்ணுகிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். வகுப்பில் எழுதிப் பழகும் சீட்டிலும் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே விலையை எழுதவைத்து, அதற்கும் மார்க் போடுங்கள்.

"விலை பார்த்தா வைத்தியம் பண்ண முடியும்?" என்கிறார் என் கணவர். உயிர் காக்கும் மருந்துக்குப் பேரம் பேசச் சொல்லவில்லை. பெரிய மார்க்கெட்டில் கால் கிலோ கத்தரிக்காய்க்கே நாலு கடை ஏறி இறங்குகிறவர் கேட்கிற கேள்வியா இது!

- ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.